பாடல், ஆடல், அறிவுறுத்தல்: ஆப்பிரிக்க எச்.ஐ.வி. கல்வி வரலாற்றில் மொழியின் பங்கு

1. முன்னுரை

ஒரு புதிய நோய் ஒரு சமுதாயத்தில் புகும்போது அதனுடன் ஒரு மொழிச் சிக்கலும் புகுகிறது. நோய்க்குப் பெயர் வேண்டும். அது பரவும் வழியைச் சொல்லவேண்டும். சொல்லக் கூசுவதைச் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. தொற்றைப் பொறுத்தவரை இம்மூன்றும் ஒருசேர நேர்ந்தன. உடலுறவு பற்றிய பேச்சு, தாய்மொழியில் எளிதில் நிகழ்வதன்று. அதிலும் பெரியோர் இளையோரிடம் பேசுவது அரிது. தமிழ் இலக்கணம் இத்தகைய இடர்ப்பாட்டை நன்கறிந்திருக்கிறது. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்லுதலை இடக்கரடக்கல் என்று நன்னூலார் தகுதி வழக்கில் அடக்கினார். இடக்கரடக்கிச் சொன்னால் செய்தி மங்குகிறது. அடக்காது சொன்னால் கேட்போர் விலகுகின்றனர். ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் இந்த இக்கட்டிலிருந்து மீளும் வழியாகப் பாடலும் ஆடலும் அமைந்தன.

உகாண்டாவையும் தென்னாப்பிரிக்காவையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, 1980களின் நடுப்பகுதி முதல் இளைஞர்களுக்கு இந்நோய் பற்றி அறிவுறுத்த இசையும் ஆடலும் பயன்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அக்கலைகளின் அழகியல் இங்கு ஆய்வுப் பொருளன்று. பாடலில் யார் பேசினார், யாரிடம் பேசினார், என்ன சொல்லால் பேசினார் என்பனவே இதன் வினாக்கள்.

2. நோயும் பெயரும்

உகாண்டாவின் தென்பகுதியில், விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ராக்காய் மாவட்டத்தில் 1982ஆம் ஆண்டளவில் இந்நோய் முதன்முதலாகக் கவனத்திற்கு வந்தது. உடல் மெலிந்து மக்கள் இறந்தனர். ஒல்லி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை மக்கள் நோய்க்குப் பெயராக்கினர். அது லுகாண்டா மொழியின் ஒலியமைப்பிற்கு ஏற்பச் 'சிலீமு' என்றாயிற்று. 1985இல் உகாண்டா மருத்துவர்களும் பிரித்தானிய ஆய்வாளர்களும் இணைந்து 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலும் இப்பெயரே இடம்பெற்றது. மக்கள் வழக்குச் சொல் ஒன்று மருத்துவ இலக்கியத்தினுள் நுழைந்த நிகழ்வு இது.

லுகாண்டாவில் மற்றொரு சொல்லும் வழங்குகிறது. 'முக்கேனென்யா' என்பது அது. சொட்டுச் சொட்டாக வடிதல் என்னும் பொருளுடைய வினையடியின் பிறவினை வடிவிலிருந்து இது பிறந்தது. உடலின் வலிமையைச் சிறிது சிறிதாக வடியச் செய்வது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நோயை உண்டாக்கும் வைரசுக்கோ 'அக்காவூக்கா' என்ற பெயர் அமைந்தது. பாந்து மொழிகளில் பெயர்ச்சொற்கள் முன்னொட்டுகளால் பல வகுப்புகளாகப் பிரிக்கப்படும். பூச்சியைக் குறிக்கும் சொல்லில் வழக்கமான முன்னொட்டை நீக்கிச் சிறுமைப் பொருள் தரும் 'கா' என்னும் முன்னொட்டைச் சேர்த்தமையால் 'சின்னஞ்சிறு பூச்சி' என்று பொருள்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உருவமுடைய ஓர் உயிராகப் பாடலில் அழைக்கவும் விரட்டவும் நையாண்டி செய்யவும் இது வழிவகுத்தது. அதே வேளையில், பூச்சி கடித்துப் பரவும் நோய் இது என்று ஒருவர் தவறாகக் கொள்வதற்கும் இச்சொல்லில் இடமுண்டு. தமிழில் 'கிருமி' என்னும் சொல்லும் நுண்ணுயிர்களுக்கெல்லாம் பொதுவாக நின்று இத்தகைய மயக்கம் தரவல்லது.

சுவாகிலி மொழியினர் வேறு வழியை மேற்கொண்டனர். 'உடலில் காப்புக் குறைவு' என்னும் பொருளுடைய தொடரின் எழுத்துகளைத் தொகுத்து 'உக்கிம்வி' என்ற சொல்லை ஆக்கினர். தமிழில் 'ஏமக்குறைவு நோய்' என்ற ஆக்கம் கருத்தளவில் இதனை ஒத்தது. ஆயின் 'உக்கிம்வி' மக்கள் வழக்காயிற்று. 'ஏமக்குறைவு' அகராதிச் சொல்லாகவே நின்றது. தமிழ் மக்கள் வழக்கில் நிலைபெற்றவை 'எய்ட்ஸ்' என்னும் கடன்சொல்லும் 'உயிர்க்கொல்லி நோய்', 'ஆட்கொல்லி நோய்' என்னும் அச்சப் பெயர்களுமேயாம்.

3. மரபுவழிப் பாலியல் கல்வி

பாடலும் ஆடலும் இத்துறையில் புதிதாகக் கொணரப்பட்ட கருவிகள் என எண்ணுதல் பொருந்தாது. பகாண்டா மக்களிடையே பருவமெய்திய பெண்ணுக்கு இல்லறத்தையும் உடலையும் பற்றி அறிவுறுத்தும் கடமை தாயினுடையதன்று. தந்தையின் உடன்பிறந்தாளாகிய 'செங்கா'வினுடையது. தாய் சொல்லக் கூசுவதை அத்தை சொல்லலாம் என்பது அவ்வுறவுமுறையின் ஏற்பாடு. சாம்பியாவின் பெம்பா மக்களிடையே நிகழும் 'சிசுங்கு' என்னும் பூப்புச் சடங்கினை 1931இல் நேரில் கண்ட மானிடவியலார் ஆட்ரி ரிச்சர்ட்சு, அதனை விரித்து 1956இல் நூலாக வெளியிட்டார். அச்சடங்கில் மண்ணுருவங்களைக் காட்டிப் பாடியும் ஆடியும் பெண்ணுக்குக் கடமைகள் உணர்த்தப்படுகின்றன.

இவ்விரு சான்றுகளிலிருந்து ஒரு பொதுவிதி புலனாகிறது. பாலியல் பற்றிய பேச்சு அச்சமுதாயங்களில் முற்றிலும் விலக்கப்பட்டதன்று. குறிப்பிட்ட ஆளுக்கும் குறிப்பிட்ட களத்திற்கும் மட்டும் உரியதாக வரையறுக்கப்பட்டிருந்தது. உரையாடலில் விலக்கானது பாடலில் விலக்கன்று. தமிழ் நாட்டார் வழக்கிலும் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கும் கரகாட்டத்துடன் வரும் கோமாளிக்கும் இத்தகைய உரிமை உண்டு. நகர்ப்புறக் குடியேற்றத்தாலும் உறைவிடப் பள்ளிகளாலும் செங்காவின் இடம் தளர்ந்திருந்த காலத்தில் நோய் வந்தது. அவ்வெற்றிடத்தில் பாடகர் வந்து நின்றார்.

4. படர்க்கையிலிருந்து தன்மைக்கு

நோய் பற்றிய தொடக்ககாலப் பாடல்களில் புகழ்மிக்கது, காங்கோ இசைக்கலைஞர் பிராங்கோ லுவாம்போ 1987இல் வெளியிட்ட 'அத்தான்சியோன் நா சீடா' என்னும் நெடும்பாடலாகும். தலைப்பின் பொருள் 'எய்ட்சு குறித்து எச்சரிக்கை' என்பது. இளைஞர், பெற்றோர், ஆசிரியர், மருத்துவர், அரசினர் எனப் பலரையும் விளித்து அறிவுறுத்தும் முன்னிலைப் பாடல் அது. பாடகர் அறிவுரை கூறுபவராக உயர்ந்த இடத்தில் நிற்கிறார். நோய் பிறருடையதாகவே இருக்கிறது. பிராங்கோ 1989 அக்டோபரில் காலமானார்.

அதே ஆண்டில் உகாண்டாவில் நிகழ்ந்தது வேறு. சுவீடனில் வாழ்ந்துவந்த உகாண்டாப் பாடகர் பிலி போங்கோலி லுட்டாயா, தமக்கு நோய் உள்ளதென 1989 ஏப்ரலில் வெளிப்படையாக அறிவித்தார். அந்நாட்டில் புகழ்பெற்ற ஒருவர் இவ்வாறு அறிவித்தது அதுவே முதன்முறை. அவர் பொய் சொல்கிறார், பாட்டு விற்பனைக்காக நடிக்கிறார் என்று பலர் நம்ப மறுத்தனர். அவர் நாடு திரும்பிப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பொதுவிடங்களிலும் தோன்றிப் பாடினார், பேசினார். அவருடைய உடல் மெலிவே ஐயத்திற்கு விடையாயிற்று. தனிமையையும் அச்சத்தையும் பாடுபொருளாகக் கொண்ட அவருடைய பாடல், நாடெங்கும் இந்நோய்க்குரிய பாடலாகவே நிலைபெற்றது. 1989 டிசம்பர் 15ஆம் நாள் தம் 38ஆம் வயதில் அவர் இறந்தார்.

மொழியியல் நோக்கில் லுட்டாயாவின் பங்களிப்பு இடமாற்றம் ஒன்றே: படர்க்கையில் இருந்த நோயாளி தன்மைக்கு வந்தார். 'அவர்களுக்கு வந்த நோய்' என்பது 'எனக்கு வந்த நோய்' ஆயிற்று. அறிவுரைப் பாடலில் பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே நோயாளி மூன்றாமவராக நின்றார். இங்கோ பாடுவோனே நோயாளி. கேட்கும் இளைஞன் தன்னை யாருடன் சேர்த்து எண்ணுவது என்னும் வினா இதனால் மாறியது. நோயாளியை வெறுத்துக்கொண்டே பாடலை விரும்ப இயலாது. வெறுப்பைக் கண்டிக்கும் சொல் ஒன்றும் இன்றியே பாடல் அதனைக் கடினமாக்கியது.

5. ஊரும் பள்ளியும்

லுட்டாயாவிற்கு முன்னரே இதற்கான களம் ஓரளவு அமைந்திருந்தது. 1986 சனவரியில் ஆட்சிக்கு வந்த யோவேரி முசெவேனியின் அரசு, அவ்வாண்டிலேயே எய்ட்சு கட்டுப்பாட்டுத் திட்டமொன்றைத் தொடங்கியது. ஆபத்துக் காலத்தில் மக்களைக் கூட்டும் மரபுவழி முரசொலி வானொலி எச்சரிக்கைகளுக்கு முன்னொலியாகப் பயன்பட்டது. சொல் வருமுன்பே தாளம் செய்தியைச் சொல்லிவிட்டது. கட்டுத்தறியில் கட்டிய மாடு அவ்வட்டத்திற்குள்ளேயே மேய்தல் என்னும் உருவகத்தை வைத்து, வெளியே மேயாதிருத்தல் என்ற முழக்கம் பரப்பப்பட்டது. மாடு வளர்ப்போர் நாட்டில் இவ்வுருவகத்திற்கு உரை வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இதே கருத்திற்கு 'ஒருவனுக்கு ஒருத்தி' என்ற தொடர் எடுத்தாளப்பட்டது. முன்னது கேட்போரைச் சிரிக்கவைத்து அறிவுறுத்துவது. பின்னது அறத்தை நினைவூட்டுவது. ஒழுக்கம் தவறியவர்க்கே இந்நோய் வரும் என்னும் குறிப்பு பின்னதில் உள்ளது. கணவனிடமிருந்து தொற்றுப்பெற்ற மனைவிக்கு அத்தொடரில் இடமில்லை.

1987இல் நோரீன் கலீபாவும் பிறரும் 'தாசோ' என்னும் எய்ட்சு ஆதரவு அமைப்பை நிறுவினர். கலீபாவின் கணவர் அவ்வாண்டு இந்நோயால் இறந்திருந்தார். நோயுடன் வாழ்வோரே உறுப்பினராக அமைந்த பாடல், நாடகக் குழுக்கள் இவ்வமைப்பிலிருந்து தோன்றின. இவை பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் சென்றன. நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு முறைமைப்படி அமையும்: முரசும் ஆடலும் கூட்டத்தைச் சேர்க்கும், பாடல் செய்தியைச் சொல்லும், பின்னர் ஒருவர் எழுந்து தம் வாழ்வைச் சொல்வார், இறுதியில் கேள்விகள் எழும். 1990இல் தொடங்கிய எய்ட்சு தகவல் மையத்தில் சோதனை செய்துகொண்டோரின் மன்றங்களும் இவ்வாறே கலைக்குழுக்களை அமைத்தன.

இந்நிகழ்ச்சிகளில் மொழியமைப்பு சார்ந்த கூறுகள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று, தலைவர் ஓரடி பாடக் குழு மறுமொழி பாடும் அமைப்பு. மறுமொழி எளியது, மாறாதது. அதனைக் கூட்டத்தினரும் சேர்ந்து பாடுவர். செய்தியின் கரு மறுமொழியிலும் விளக்கம் தலைவரின் அடிகளிலும் அமையும். எனவே கூட்டத்திலுள்ள மாணவன் செய்தியைக் கேட்பவனாக மட்டுமன்றிச் சொல்பவனாகவும் ஆகிறான். வகுப்பறையில் அவன் வாயால் ஒருபோதும் வாராத சொல், குழுவின் குரலில் கலந்து வருகிறது. தமிழில் வில்லுப்பாட்டின் பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடுவதற்கும் இதற்கும் ஓரளவே ஒப்புமை உண்டு. அங்கே மறுமொழி மேடையில் நிற்கிறது, இங்கே கூட்டத்தினுள் இறங்குகிறது.

மற்றொன்று, லுகாண்டா ஒரு தொனிமொழி. சொல்லின் தொனிக்கும் இசையின் ஏற்ற இறக்கத்திற்கும் அதன் மரபிசையில் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்த துண்டறிக்கையின் வாசகத்தை அப்படியே பழைய மெட்டில் ஏற்றினால் செவி ஒப்பாது. செய்தியைத் தாய்மொழியில் புதிதாகவே சமைக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பின் விறைப்பு இப்பாடல்களில் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

அமெரிக்க இசைமானிடவியலார் கிரிகரி பார்சு இப்பாடல்களைக் கள ஆய்வில் தொகுத்து 2006இல் 'வாழ்வுக்காகப் பாடுதல்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். ஊர்ப்புறப் பெண்கள் குழுக்களின் பங்கினை அந்நூல் சிறப்பாக எடுத்துரைக்கிறது. மருத்துவர் அரிதாகவே செல்லும் ஊர்களில் பாடலே முதல் மருத்துவ அறிவாக இருந்தமை அதனால் தெளிவாகிறது.

இவற்றின் பயன் யாது என்னும் வினாவிற்கு நிதானமான விடையே கூறல் தகும். உகாண்டாவில் 1990களின் தொடக்கத்தில் வயதுவந்தோரிடையே 15 விழுக்காட்டிற்கும் மேற்பட்டதாக மதிப்பிடப்பட்ட தொற்று, 2004-05ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வில் 6.4 விழுக்காடாக இருந்தது. இவ்வீழ்ச்சிக்கு இறப்புகளும் காரணம். உறவுகளின் எண்ணிக்கை குறைந்தமையும் ஆணுறைப் பயன்பாடும் காரணங்கள். பாடலின் பங்கை மட்டும் பிரித்தளத்தல் இயலாது. எனினும், நோயைப் பற்றி நண்பரிடமும் உறவினரிடமும் வாய்விட்டுப் பேசும் நிலை அங்கு உருவானமை பெரிதும் உதவியது என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். பேச்சை எளிதாக்கியதில் பாடலுக்குப் பங்கில்லை என்று கூறுவது அரிது.

6. இரு தென்னாப்பிரிக்க முயற்சிகள்

தென்னாப்பிரிக்கா, ஒரே காலத்தில் ஒரே நோக்குடன் எழுந்த இரு முயற்சிகளை ஒப்பிட இடம் தருகிறது. சோவெட்டோ மாணவர் எழுச்சியைக் கருவாகக் கொண்ட 'சாராபினா' என்னும் இசைநாடகத்தை 1987இல் அரங்கேற்றிப் புகழ்பெற்றவர் ம்போங்கெனி ங்கெமா. இளைஞர்க்கு எய்ட்சு பற்றி அறிவுறுத்த அதன் தொடர்ச்சியாக 'சாராபினா 2' என்னும் நாடகத்தை ஆக்கும் பணியை நலத்துறை 1995இல் அவரிடம் ஒப்படைத்தது. இதற்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 14.27 மில்லியன் ராண்ட். 1996இல் இச்செலவு நாடாளுமன்றத்தில் பெரும் பூசலாயிற்று. ஒப்பந்த நடைமுறையில் குறைகள் உள்ளனவென மக்கள் குறைகேட்பாளரின் விசாரணை கண்டது. நோய்த்தடுப்புச் செய்தி தெளிவாக இல்லை என்று எய்ட்சு களப்பணியாளர் குறைகூறினர். முயற்சி இடையிலேயே கைவிடப்பட்டது.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், குவாசூலு பகுதியில் லின் டால்ரிம்பிள் என்னும் நாடகத்துறைப் பேராசிரியரின் தலைமையில் 'டிராம்எய்ட்' என்னும் திட்டம் தொடங்கியிருந்தது. அதன் நடைமுறை எளிது. கலைஞர் குழு பள்ளிக்கு வந்து ஒரு சிறு நாடகம் நடத்தும். மாணவருடன் பயிலரங்கு நடத்தும். பின்னர் மாணவரே பாடல், ஆடல், நாடகம் ஆகியவற்றை ஆக்கிப் பெற்றோரும் ஊராரும் கூடும் நாளில் நிகழ்த்துவர்.

சூலு மொழியில் 'லோனிப்பா' என்னும் மதிப்பு வழக்கு உண்டு. மணமான பெண் கணவனின் தந்தை பெயரிலுள்ள அசைகளைக்கூடப் பிற சொற்களில் ஒலிக்காது விலக்குவாள். இத்துணை நுண்ணிய சொல்விலக்கு நிலவும் பண்பாட்டில் ஒரு சிறுமி தந்தையின் முன் பாலுறவு பற்றிப் பேசுதல் எண்ணவும் அரிது. ஆயின் அவள் குழுவில் நின்று பாடலாம், ஆடலாம். அங்கே சொல் அவளுடையதன்று, பாத்திரத்தினுடையது. மேலும் அது பாடலினுடையது. பெற்றோர் அதனைக் கேட்டுக் கைதட்டிய பின் வீட்டில் அச்செய்தி முற்றிலும் பேசப்படாத பொருளாக இருக்க இயலாது. பெருஞ்செலவில் மேடையிலிருந்து இறக்கப்பட்ட செய்தி தடுமாறியது. பள்ளி வளாகத்தில் சிறுவர் வாயில் முளைத்த செய்தி வீடுவரை நடந்தது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு கலைத்திறனைச் சார்ந்ததன்று; யார் வாய் என்பதைச் சார்ந்தது.

7. இந்தியச் சூழல்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. 1992இல் தேசிய எய்ட்சு கட்டுப்பாட்டு நிறுவனம் அமைந்தது. 2007 டிசம்பர் முதல் நாள் புறப்பட்ட செஞ்சுருள் தொடர்வண்டி, நிலையந்தோறும் நாட்டார் கலைக்குழுக்களுடன் இணைந்து செய்தி பரப்பியது. 2009 முதல் நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் மாநிலங்களில் இளைஞரைக் கவர இசைப்போட்டிகளும் கால்பந்தாட்டப் போட்டிகளும் நடத்தப்பட்டன. மேற்கு வங்கப் பட்டுவா ஓவியர்கள் சுருள் படத்தை விரித்துப் பாடும் தம் மரபில் இந்நோயையும் பாடுபொருளாக்கினர்.

பாடலின் தேவை இந்தியாவில் எத்தகையது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் அறிமுகமானபோது, 2007இல் மகாராட்டிரம், கருநாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் அதனைப் பண்பாட்டிற்கு ஒவ்வாதது எனக் கூறி நிறுத்தின. எதிர்க்கப்பட்டவற்றுள் படங்களும் சொற்களும் முதலிடம் பெற்றன. பாடநூலில் அச்சாகிய சொல் நிலையானது; அதற்கு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். பாடலில் வரும் சொல்லோ காற்றோடு போவது. அதற்கு மரபு பொறுப்பேற்கிறது.

8. பாடலின் ஆயுள்

பாடலின் ஆற்றல் அது மறவாமையில் உள்ளது. பதினைந்து வயதில் கற்ற பாடல் ஐம்பதிலும் நாவில் நிற்கும். அதன் இடரும் அதுவே. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் ஆக்கப்பட்ட பாடல்கள் பலவும் 'இந்நோய்க்கு மருந்தில்லை, முடிவு இறப்பே' என்றன. அன்று அது உண்மை. 1996இல் கூட்டு மருந்து மருத்துவம் வந்தது. உகாண்டாவிலும் இந்தியாவிலும் 2004 முதல் அரசு வழியே இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. இன்று மருந்தைத் தொடர்ந்து உட்கொள்பவர் நெடுநாள் வாழ்கிறார். குருதியில் வைரசு கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்து அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை என்பதும் நிறுவப்பட்டுள்ளது.

ஆகவே அன்றைய உண்மை இன்றைய பொய்யாகிவிட்டது, பாடலோ மறையவில்லை. 'உயிர்க்கொல்லி' என்னும் பெயர் வழங்கும்வரை, சோதனைக்குச் செல்ல வேண்டிய இளைஞன் அதனைத் தீர்ப்பு எனக் கருதி அஞ்சுவான். சென்றால் வாழ்வான், அஞ்சி நின்றால் பெயர் மெய்யாகிவிடும். இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளோர் மீதான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் செயலைத் தடுக்கும். வழக்கிலுள்ள சொல்லை மாற்றாது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. பாடலும் ஆடலும் இடக்கரடக்கலின் எல்லையை ஏற்புடைய முறையில் நெகிழ்த்தின. அறிவுறுத்தல் படர்க்கையிலிருந்து தன்மைக்கும், மேடையிலிருந்து கேட்போர் வாய்க்கும் பெயர்ந்தபோது பயன் மிகுந்தது. பாடலில் ஏறிய செய்தி நீடிப்பதால் மருத்துவ உண்மை மாறுந்தோறும் பாடலையும் புதுப்பிக்க வேண்டியுள்ளது. தலைவர் பாடும் அடிகளை மாற்றுவது எளிது; ஊரார் நாவில் நின்றுவிட்ட மறுமொழியை மாற்றுவதே கடினம். தமிழில் இந்நோய் பற்றி இனி எழுதப்படும் பாடல்களின் மறுமொழியில் கொல்லுதல் என்னும் வினைக்கு மாறாக வாழ்தல் என்னும் வினை இடம்பெறுதல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோரும் நாட்டார் கலைஞரும் இணைந்து ஆற்றவேண்டிய பணி இது.